சங்கும் கண்ணாடியும்

நேயர்களே, இராயபுரத்துக் கடலோரத்தில் நின்று, சங்கொன்றைக் கண்ணாடி முன் பிடித்துப் பாருங்கள். இடம்புரி வலம்புரியாகத் தோன்றும். அத்தகைய வலம்புரியும் அருமையாகக் கடலில் உண்டு. கண்ணாடியில் காண்பதெல்லாம் இயற்கையிலும் நிகழக்கூடும் என்பதே இடவலச் சமச்சீர்க் கொள்கை.

1956-ஆம் ஆண்டில் லீ, யாங் என்னும் அறிஞர் இருவர் அக்கொள்கையை ஐயுற்றனர். 1957-இல் வூ அம்மையார் குழுவினரின் கோபால்ட் சோதனை, அணுக்கருவின் பீட்டாச் சிதைவில் அது பொய்த்ததைக் காட்டிற்று.

அவ்வாறாயின் அச்சிதைவை ஆளும் விதி யாது? கேரளத்தில் பிறந்து, தாம்பரம் கிறித்துவக் கல்லூரியிலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் பயின்ற ஜார்ஜ் சுதர்சன், அமெரிக்காவில் தம் ஆசிரியர் மார்ஷாக்குடன் அவ்வாண்டே விடை கண்டார். இவ்வகைச் சிதைவுகள் யாவற்றிற்கும் 'வி கழித்தல் ஏ' என்னும் ஒரே வடிவம் பொருந்தும் என்றார். அதன்படி, அவற்றில் தோன்றும் நியூட்ரினோ இடம்புரியே. வலம்புரி நியூட்ரினோ இன்றளவும் காணப்படவில்லை.

ஆயினும் நான்கு சோதனைகளின் முடிவுகள் அவ்விதிக்கு முரணாயிருந்தன. சோதனைக்கொரு விதி வகுத்தால் ஒருமைப்பாடு சிதறும். ஆகவே, அந்நான்கையும் மீண்டும் செய்தல் வேண்டும் என்றனர் இருவரும். மீண்டும் செய்தபோது நான்கும் விதிக்கு இசைந்தன.

மாணவர்களே, இது சோதனையை மதியாத துணிவன்று. இன்னும் நுட்பமாகச் சோதியுங்கள் என்றே அவர்கள் வேண்டினர். தீர்ப்பை இயற்கையே வழங்கிற்று.