அதே மீத்தேன், வேறு நியாயம்



மீத்தேன் என்ற பேச்சை எடுத்தாலே நம் புதுவைப் பக்கத்தில் கை ஓங்கும். ஓங்கியதும் நியாயம்தான். ஆனால் இன்றைக்கு நான் மீத்தேனை எடுக்கச் சொல்லிப் பேச வந்திருக்கிறேன். கல்லைத் தேடுமுன் பத்து நிமிடம் பொறுத்துக் கேளுங்கள்.

2010இல் கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி நிறுவனத்துக்கு மீத்தேன் எடுக்க மன்னார்குடியைச் சுற்றி 691 சதுர கிலோமீட்டரை எழுதிக் கொடுத்தார்கள். தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களின் பகுதிகள் அதில் வந்தன. அங்கே மண்ணுக்கடியில் கிடக்கும் கரியின் நுண்துளைகளில் வாயு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை அமுக்கி வைத்திருப்பது தண்ணீரின் அழுத்தம். கோலி சோடாவில் குண்டைத் தட்டினால் பொங்குகிறதே, அந்தக் கதைதான். அழுத்தத்தைக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் தண்ணீரை இறைத்துக் கொட்டியாக வேண்டும். கடலை ஒட்டிய டெல்டாவில் உட்கார்ந்துகொண்டு வருடக்கணக்கில் நிலத்தடி நீரை இறைத்தால் உப்பு உள்ளே வரும் என்பதைச் சொல்ல விஞ்ஞானி வேண்டுமா? விவசாயிக்கே தெரிந்தது. அதைத்தான் ஊர் ஊராகப் போய்ச் சொன்னார் இயற்கை விவசாயி நம்மாழ்வார். அந்தப் பிரசாரத்தில் இருந்தபோதே, 2013 டிசம்பர் 30 அன்று, பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் உயிர் பிரிந்தது. 2015இல் தமிழ்நாடு அரசு திட்டத்துக்குத் தடை போட்டது. 2017இல் நம் காரைக்காலுக்கு ஹைட்ரோகார்பன் என்ற பெயரில் வேறொன்று வந்தது. விடமாட்டோம் என்றார் அன்றைய முதலமைச்சர் நாராயணசாமி. நாமும் சொன்னோம். இதில் ஒரு வார்த்தையைக்கூட நான் இன்று திருப்பி வாங்கப் போவதில்லை.

நான் எடுக்கச் சொல்வது வேறிடத்து மீத்தேனை. இப்போது ஜார்க்கண்டுக்கு வாருங்கள். தன்பாத் பக்கத்தில் ஜாரியா. அங்கே கரிக்காகச் சுரங்கம் வெட்டி நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. மனிதர்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்கள். கரியை வெட்ட வெட்ட வாயு தானாக வெளியே வருகிறது; யாரும் அதைக் கூப்பிடவில்லை. அதற்கு நிறமில்லை, மணமில்லை. காற்றைவிட லேசு என்பதால் கூரையடியில் போய்த் தங்கும். காற்றில் 5 சதவீதத்துக்கும் 15 சதவீதத்துக்கும் இடையில் கலந்துவிட்டால் ஒரு பொறி போதும்.

மைனிங் சர்தார் என்று ஒரு பதவி அங்கே உண்டு. மின்னணுக் கருவிகள் வருவதற்கு முன்னால் அவர் கையில் ஒரு பாதுகாப்பு விளக்கு இருக்கும். கம்பிவலை போட்ட அந்த விளக்கை டேவி என்ற ஆங்கிலேயர் 1815இல் செய்தார். சர்தார் திரியைத் தணிப்பார். சுடர் விரல்நகம் அளவுக்குச் சுருங்கும். பிறகு விளக்கைக் கூரையை நோக்கி அங்குலம் அங்குலமாக, கை நடுங்காமல் உயர்த்துவார். சுடரின் தலையில் வெளிறிய நீலத்தில் ஒரு தொப்பி முளைத்தால் வாயு இருக்கிறது. தொப்பி உயர்ந்தால் வாயு கூடுகிறது. அவசரப்பட்டுக் கையை இறக்கினால் சுடர் அணையும். இருட்டில் திரும்ப வேண்டும். அந்த நீலத் தொப்பியை நம்பித்தான் எத்தனையோ குடும்பங்களில் உலை கொதித்தது.

விளக்கும் எல்லா நாளும் காப்பாற்றவில்லை. 1965 மே 28, தோரி சுரங்கம்: வெடிப்பில் 268 பேர். அது பழைய காலம் என்பீர்கள். 2006 செப்டம்பர் 6, தன்பாத்தின் பாட்டீஹ் சுரங்கம்: 50 பேர். செல்போன் வந்துவிட்ட காலம் அது, தோழர்களே!

அப்படியானால் இந்த வாயுவை என்ன செய்கிறார்கள்? பெரிய பெரிய மின்விசிறி வைத்துக் காற்றை உள்ளே இழுத்து, வாயுவை நீர்க்க வைத்து, வானத்தில் விடுகிறார்கள். உள்ளே இருப்பவன் பிழைத்தான், சரி. ஆனால் மீத்தேன் நூறு வருடக் கணக்கில் கரியமில வாயுவைவிட 28 மடங்குக்குக் குறையாமல் பூமியைச் சூடாக்குவது. உலகச் சுரங்கங்களிலிருந்து வருடத்துக்குச் சுமார் 4 கோடி டன் இப்படிப் போகிறது என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை. அதையே எரித்தால் ஒரு டன் மீத்தேன் 2.75 டன் கரியமில வாயுவாக மாறும். 28 எங்கே, 2.75 எங்கே? கூடவே மின்சாரமும் கிடைக்கும்.

வழி ஒன்றும் புதிதல்ல. கரியை வெட்டுமுன்பே கரிப்படிவத்தில் துளை போட்டு வாயுவைக் குழாயில் இழுத்துவிடுவது. வெட்டி முடித்த வெற்றிடத்தில் சேர்வதையும் அப்படியே இழுப்பது. சீனாவில் சான்சி மாகாணத்தின் சிஹே சுரங்கத்தில் இந்த வாயுவைக் கொண்டே 120 மெகாவாட் நிலையம் ஓடுகிறது. நம் நாட்டில்? அதே ஜாரியாவில் மூனிடி சுரங்கம். ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு துளை போட்டு, 2008இல் 250 கிலோவாட் எஞ்சின் இரண்டை ஓட்டிக் காட்டினார்கள். தொழிலாளர் குடியிருப்பில் விளக்கு எரிந்தது. மொத்தம் அரை மெகாவாட். இந்தத் தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் கொஞ்சம் பெரிய ஆலை ஒன்றுக்கே இழுபறிதான். செய்ய முடியும் என்று காட்டியாகிவிட்டது, பிறகு பல வருடம் கோப்பு நகரவில்லை. கோல் இந்தியா தன் சுரங்க எல்லைக்குள் வாயுவை எடுக்கத் தனி உரிமம் வேண்டாம் என்று மத்திய அரசு சொல்வதற்கே 2018 ஆகிவிட்டது.

2021இல் மீத்தேனைக் குறைக்க உலக நாடுகள் உறுதிமொழி எடுத்தபோது இந்தியா கையெழுத்துப் போடவில்லை. நெல் வயலையும் மாட்டையும் குற்றவாளி ஆக்குவார்கள் என்ற பயம் காரணம். நான் அதில் தவறு காணவில்லை. ஆனால் வயலைக் காட்டி மறுக்கிறவர்கள் சுரங்க வாயுவையாவது அடைக்க வேண்டாமா? நாத்து நடுகிற பெண்ணை விட்டுவிட்டு, கம்பெனியின் காற்றுப்போக்கியில் கை வையுங்கள்.

இங்கேதான் ஒரு ஆபத்தும் இருக்கிறது. "வாயுவைப் பிடித்துவிடுகிறோம், ஆகவே புதுச் சுரங்கம் திறக்கிறோம்" என்று ஒருவன் கிளம்புவான். நம் பாகூருக்கு அடியில் 41 கோடி டன்னுக்கு மேல் பழுப்பு நிலக்கரி கிடக்கிறது என்று அரசாங்கக் கணக்கே சொல்கிறது. மேலே ஏரி, ஏரிக்குக் கீழே நெல். தமிழ்நாடு 2020இல் சட்டம் போட்டு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கியது. அந்தச் சட்டம் மாநில எல்லையில் நின்றுவிட்டது. காரைக்காலுக்கும் பாகூருக்கும் அது குடை பிடிக்காது.

ஆகையால் தலைவர் அவர்களே, இன்றைய தீர்மானத்தில் இரண்டு வரி சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு டன் கரிக்கு 10 கன மீட்டருக்கு மேல் வாயு கக்கும் மூன்றாம் நிலைச் சுரங்கங்கள் அனைத்திலும், வாயுவை முன்கூட்டி எடுத்து எரிக்கவோ பயன்படுத்தவோ வேண்டும், அந்தக் கணக்கை மாதாமாதம் வெளியிட வேண்டும் என்பது ஒரு வரி. பாகூரையும் காரைக்காலையும் வேளாண் மண்டலமாக அறிவித்துப் புதுவைச் சட்டமன்றம் தனிச்சட்டம் செய்ய வேண்டும் என்பது மற்றொரு வரி. நான் முன்மொழிகிறேன். வழிமொழிய விவசாயி ஒருவரும் தொழிலாளி ஒருவரும் எழுந்து வாருங்கள்.