நகுமோமுவும் ரிமோட்டும்

(பழைய மாணவர் மறுசந்திப்பு விழாவில் பேசியது)

ஐந்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார்கள். ‘தில்லானா மோகனாம்பாள்’ பற்றிச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

1968-ல் ஏ.பி. நாகராஜன் எடுத்த படம். ஆனந்த விகடனில் கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தொடர்கதை. அரை டிராயர் வயசில் மந்தைவெளி கபாலி தியேட்டரில் பார்த்தேன். இப்போது கபாலியே இல்லை. அபிராமபுரம் வீட்டில் டி.வி.டி. போட்டுக்கொள்கிறேன்.

கொட்டகையில் கண் முழுக்க சிவாஜி மேல்தான். வீட்டில் டைட்டிலையே நிறுத்திப் படிக்கலாம். நாதஸ்வரம், மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்கள். திரையில் ஊதுவது சிவாஜியும் ஏ.வி.எம். ராஜனும், மூச்சு இவர்களுடையது. அந்த மூச்சுக்கு சிவாஜியின் கன்னமும் கழுத்து நரம்பும் எப்படித்தான் ஈடு கொடுக்கின்றன என்று ஒரே இடத்தைப் பத்து தடவை ஓட்டிப் பார்த்தேன். பாலையாவின் தவில் தனிக்கதை, அதற்கு நேரமில்லை!

ஆரம்பத்தில் கோயில் திருவிழா. ஆபேரியில் ‘நகுமோமு’. வாசிப்புக்கு நடுவே வாணவேடிக்கை. சிக்கல் சண்முகசுந்தரம் கோபித்துக்கொண்டு நிறுத்திவிடுவார். சின்ன வயசில் எனக்கு அந்த வெடிதான் பிடிக்கும். போன மாசம் பேரன், “தாத்தா, இதை ஓட்டிடலாமா?” என்று ரிமோட்டை எடுத்தான். “இருடா, வெடி வரும்” என்றேன். பொறுத்துக்கொண்டு உட்கார்ந்தான். வெடியும் வந்தது. “ஏன் தாத்தா நிறுத்திட்டாரு? நல்லாத்தானே போயிட்டிருந்துது?” என்றான்.

மாணவர்கள் யார் வேண்டுமானாலும் வீட்டுக்கு வரலாம். கிட்டத்தட்ட மூணு மணி நேரப் படம். காபி உண்டு. ரிமோட் மட்டும் என் கையில்தான் இருக்கும்.