வலிக்கல, அதான் சொல்லல

இன்னைக்கு எபிசோடை எங்க சித்திகிட்ட இருந்து ஆரம்பிக்கிறேன்.

தென்காசி பக்கத்துல குத்துக்கல்வலசைதான் எங்க ஊர். மடியில தட்டை வச்சு பீடி சுத்தியே எங்களையெல்லாம் படிக்க வச்சவங்க சித்தி. ஒருநாள் குளிக்கும்போது மார்புல ஒரு கட்டி கையில தட்டுப்பட்டிருக்கு. எட்டு மாசம் யார்கிட்டயும் மூச்சு விடல. ஏன் சித்தின்னு கேட்டா, "வலிக்கல, அதான் சொல்லல"ன்னாங்க.

விஷயம் தெரிஞ்சு வந்த சொந்தக்காரர் ஒருத்தர் கேட்டார்: "எப்படியும் போய்ச் சேரப்போற நோய். எதுக்கு மெட்ராஸ் வரைக்கும் அலையுதீங்க?"

இந்தக் கேள்விக்கு வயசு அதிகம். புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேணும்னு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போய் நின்னப்ப, "கேன்சர் வந்தா சாகத்தானே போறாங்க, ஆஸ்பத்திரி எதுக்கு?"ன்னு அரசாங்கத் தரப்புலயே கேட்டிருக்காங்க. டாக்டர் சாந்தா இதைச் சொல்லியிருக்காங்க.

முத்துலட்சுமி ரெட்டின்னா தேவதாசி முறை ஒழிப்புதான் நமக்கு ஞாபகம் வரும். ஆனா அவங்க மனசுல இன்னொரு காயமும் இருந்தது. 1923-ல் அவங்க தங்கை புற்றுநோயில இறந்துபோனாங்க. அக்கா டாக்டர், இருந்தும் காப்பாத்த முடியல. அதுக்கப்புறம் 31 வருஷம் அந்த மருத்துவமனைக்காக அலைஞ்சாங்க. இந்திய மாதர் சங்கம் மூலமா நன்கொடை திரட்டினாங்க. 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. அன்னைக்கு இருந்தது வெறும் 12 படுக்கை.

பொறுப்பை எடுத்துக்கிட்டவர் அவங்க மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி. அடுத்த வருஷம், தனக்குக் கிடைச்ச அரசு வேலையை வேண்டாம்னுட்டு டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தாங்க. 2021-ல் இறக்கும்வரை அதுதான் அவங்களுக்கு வீடு, வேலை எல்லாம். 1975-ல் மத்திய அரசு அதை மண்டலப் புற்றுநோய் மையமா அங்கீகரிச்சது.

அந்த அடையாறுக்குத்தான் சித்தியைப் பொதிகை எக்ஸ்பிரஸ்ல கூட்டிட்டுப் போனோம். ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிஞ்சு ஆறு வருஷம் ஆச்சு. சித்தி நல்லா இருக்காங்க. ஆனா மார்பகத்தை முழுசா எடுக்க வேண்டியதாப்போச்சு. சீக்கிரமே வந்திருந்தா கட்டியை மட்டும் எடுக்க வாய்ப்பு இருந்திருக்கும். அந்த எட்டு மாசத்துக்கு நாங்க கொடுத்த விலை அது.

மார்பகப் புற்றுக்கட்டி ஆரம்பத்துல பெரும்பாலும் வலிக்காது. அதுதான் ஆளை ஏமாத்துறது. வாயில ஆறாத புண்ணு ரெண்டு மூணு வாரம் தாண்டினாலும் அப்படித்தான், உடனே காட்டணும். அதுக்கு மெட்ராஸ் போகணும்னு இல்லை. பக்கத்து அரசு மருத்துவமனையில ஆரம்பிக்கலாம்.

இப்ப எங்க தெருவுல பொம்பளைங்க சேர்ந்து பீடி சுத்துற இடத்துல சித்தி கூச்சமே இல்லாம கேக்காங்க: "ஏட்டி, கட்டி கிட்டி இருக்கான்னு தடவிப் பாத்தியா?"

அந்தக் கேள்வியை உங்க வீட்டுல யார் கேக்கப்போறா? இந்த எபிசோட் முடிஞ்சதும் அம்மாவுக்கு ஒரு போன் போடுங்க.