செஞ்சியின் இரு குதிரைகள்



விலங்கொன்றைக் குறியீடாக எண்ணெய் வண்ணத்தில் தீட்டித் தருமாறு ஓவியரைக் கேட்போர், பெரும்பாலும் அளவையும் விலையையும் பேசி அமைகின்றனர். அவ்விலங்கு எதனைக் குறித்து நிற்றல் வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. இரவிவர்மாவின் சடாயு வதத்தில் அறுபட்ட சிறகே கதை முழுவதையும் உரைத்துவிடுகிறது. அத்தகைய ஓர் உறுப்பைத் தேர்ந்து சொல்வது கேட்பவரின் கடமையுமாகும்.

செஞ்சிக்கு வருவோர் தேசிங்கின் குதிரையையே நினைப்பர். ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானை எதிர்த்து 1714 அக்டோபரில் மாண்ட தேஜ்சிங்கே மக்கள் நாவில் தேசிங்குராசன் ஆனான். தில்லியில் எவர்க்கும் அடங்காத குதிரையை அவன் அடக்கினான் என்கிறது கதைப்பாடல். பாயும் அந்த ஒற்றைக் குதிரை வீரத்தை மட்டுமே காட்டும்.

தோழன் மகபத்கானின் குதிரை நீலவேணி. மணக்கோலத்தைத் துறந்து அதன்மேல் ஏறி வந்து, நண்பனுக்காகக் களத்தில் உயிர்விட்டான் அவ்விசுலாமியன். இந்நட்பே குறியீடாக வேண்டுமெனில் இரண்டாம் குதிரையும் கித்தானில் இடம்பெற வேண்டும், சேணம் வெறுமையாக.

நீலவேணி என்பது கருநீலக் கூந்தலைச் சுட்டும் பெயர். ஓவியருக்கு நிறம் அப்பெயரிலேயே இருக்கிறது. சாம்பல்நிற அடிப்பூச்சு உலர்ந்தபின் நீலத்தை மெல்லிய படலங்களாக ஏற்றினால் பிடரிமயிருக்கு ஆழம் வரும். எண்ணெய் வண்ணமோ மெல்ல உலர்வது. விழாவுக்கு நான்கு நாள் இருக்கையில் ஓவியர் வீட்டுக் கதவைத் தட்டுவோர் இதனை அறிதல் நன்று.

பின்னணியில் இராசகிரி முழுவதும் வேண்டா. பாறைச் சரிவு ஒன்று போதும்.