வேலைக்குப் போகும் தாதியும் பட்டப்படிப்பும்



"வேலைதான் கிடைத்துவிட்டதே, இனி என்ன படிப்பு?" தாதியாக இருக்கும் மகள் பட்டப்படிப்புக்கு மனுச் செய்தால் நம் தோட்டத்து வீடுகளில் இப்படித்தான் கேட்கிறோம். டிப்ளோமா முடித்துப் பதிவு பெற்ற தாதியருக்காக மலாயாப் பல்கலைக்கழகம் 1993ஆம் ஆண்டிலேயே பட்டப்படிப்பைத் தொடங்கியது. ஊசி போடத் தெரிந்தவளுக்கு அங்கே புதிதாக என்ன? வார்டில் எத்தனை பேருக்குப் படுக்கைப் புண் வந்தது, ஏன் வந்தது, எப்படிக் குறைப்பது என்று கணக்கெடுத்து ஆராயக் கற்கிறாள்.

கஷ்டம் பாடத்தில் அல்ல, தூக்கத்தில்தான். இரவு வேலை முடிந்து வருகிறவளுக்காகப் பிள்ளையும் அடுப்பும் காத்திருக்கின்றன. இருட்டோடு எழுந்து பால்வெட்டுக்குப் போகும் நமக்குத் தூக்கத்தின் அருமையைச் சொல்லவா வேண்டும்? பரீட்சை மாதத்திலாவது பிள்ளையை நாம் பார்த்துக்கொள்வோம்.

படிப்பு விடுப்பு உண்டா, சம்பளம் கூடுமா என்பதை முதலில் மேட்ரனிடம் அவள் கேட்டுக்கொள்ளட்டும். கூடும் என்ற நம்பிக்கையில் மட்டும் கடன் வாங்க வேண்டாம்.