மாநிலங்களவை: பணியும் சீர்திருத்தமும்

கூட்டாட்சியில் மேலவைக்குரிய பணிகள் இரண்டு. அவசரமாக இயற்றப்படும் சட்டங்களை மறுமுறை சீர்தூக்கிப் பார்த்தல் ஒன்று. மாநிலங்களின் குரலாக விளங்குதல் மற்றொன்று. 1952-இல் அமைக்கப்பட்ட மாநிலங்களவை இவ்விரண்டையும் எந்த அளவுக்கு நிறைவேற்றுகிறது?

முதற் பணிக்குச் சான்று உண்டு. 1989-இல் ஊராட்சிகள் பற்றிய 64-ஆவது திருத்த மசோதா மக்களவையில் நிறைவேறியும், மேலவையில் மூன்றில் இரு பங்கு வாக்குப் பெறாமல் வீழ்ந்தது. அன்று இது தடையாகத் தோன்றியிருக்கலாம். ஆயினும், 1992-இல் நிறைவேறிய 73-ஆவது திருத்தம் மாநிலச் சட்டமன்றங்களின் விருப்புரிமைக்குக் கூடுதல் இடம் அளித்தது. தாமதம் வீண்போகவில்லை. பண மசோதாவிலோ இத்தகைய ஆற்றல் இல்லை. 14 நாட்களுக்குள் பரிந்துரை கூறலாம், அவ்வளவே.

இரண்டாவது பணியிலேதான் குறை மிகுதி. உறுப்பினர் தாம் தேர்ந்தெடுக்கப்படும் மாநிலத்தின் வாக்காளராக இருத்தல் வேண்டும் என்ற விதி 2003-இல் நீக்கப்பட்டது. அந்நீக்கம் செல்லுமென 2006-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டப்படி செல்லுவது வேறு. கூட்டாட்சிக்கு உகந்தது வேறு.

இடப் பங்கீடும் விவாதத்திற்குரியது. மக்கள்தொகையைப் பெரிதும் தழுவியதால் உத்தரப் பிரதேசத்திற்கு 31 இடங்கள், சிக்கிமுக்கு ஒன்று. அமெரிக்க செனட்டிலோ ஒவ்வொரு மாநிலத்திற்கும் இருவர். சம இடம் வழங்க அரசியலமைப்பையே திருத்தவேண்டும். அதற்குப் பெரிய மாநிலங்களின் இசைவு எளிதன்று. வாக்காளர் விதியை மீட்கவோ, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தினாலே போதும்.

எளிதில் ஆவதை முதலில் செய்தல் நலம். மாநிலத்தின் நீர், நிலம், நிதி ஆகியவற்றை அறிந்தோர் அமரும்போதே அவையின் பெயர் பொருளுடையதாகும்.