சமமாய் அமர்தல்: பஹாய் நோக்கில் ஆன்மீகமும் இன நீதியும் அன்றாட வாழ்வும்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சமயங்களும் சமூக நீதியும்" என்பது இந்தக் கருத்தரங்கின் பொதுப்பொருள். சைவத்தைப் பற்றியும் கிறிஸ்தவத்தைப் பற்றியும் என்னிலும் தகுதியுடையவர்கள் பேசவிருக்கிறார்கள். நான் பஹாய் சமயத்தைத் தேர்ந்தேன். நான் அச்சமயத்தவள் அல்லள். சைவக் குடும்பத்தில் பிறந்து, அவ்வழியிலேயே வாழ்பவள். ஆனாலும் அச்சமயத்தார் அமெரிக்காவில் நிறவெறியை எதிர்கொண்ட வரலாற்றைப் படித்தபோது ஒரு விடயம் என் மனதில் ஆழப் பதிந்தது. மனிதர் யாவரும் சமம் என்று சொல்லாத சமயம் இல்லை. அந்தச் சொல்லைச் சாப்பாட்டு மேசையிலும், திருமணப் பதிவிலும், வாக்குச் சீட்டிலும் கொண்டுவந்து வைத்துப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. அந்த முயற்சியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் ஒரு சுருக்கமான அறிமுகம். பஹாய் சமயம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரசீகத்தில், அதாவது இன்றைய ஈரானில், தோன்றியது. அதன் தாபகர் பஹாவுல்லா 1817 இல் பிறந்தவர். தம் கொள்கைக்காகச் சிறையும் நாடுகடத்தலும் அனுபவித்து, 1892 இல் அக்கா நகருக்கு அருகில் காலமானார். இறைவன் ஒருவன், சமயங்களின் மூலம் ஒன்று, மனிதகுலம் ஒன்று என்பவை அவருடைய போதனையின் அடிப்படைகள். இச்சமயத்தில் குருமார் இல்லை. ஊர்தோறும் ஒன்பது பேரைக் கொண்ட சபை ஆண்டுதோறும் தெரிவு செய்யப்பட்டு, சமூகத்தின் காரியங்களை நடத்துகிறது.

பஹாவுல்லாவின் மூத்த மகன் அப்துல் பஹா. எட்டு வயதுச் சிறுவனாகத் தந்தையுடன் நாடுகடத்தப்பட்டவர் அவர். 1908 இல் துருக்கியில் ஆட்சிமாற்றம் வந்து விடுதலை கிடைத்தபோது அவருக்கு வயது 64. நான்கு ஆண்டுகளின் பின், 1912 ஏப்ரலில், அவர் நியூயோர்க்கில் வந்திறங்கினார். அன்றைய அமெரிக்காவில் புகையிரதம், பாடசாலை, உணவகம், தேவாலயம் யாவும் கறுப்பருக்கு வேறு, வெள்ளையருக்கு வேறு என்று பல இடங்களில் பிரிந்திருந்தன.

அந்த ஏப்ரல் 23 ஆம் நாள் வாஷிங்டனில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அன்று அப்துல் பஹா, கறுப்பின மாணவர் பயிலும் ஹவார்ட் பல்கலைக்கழகத்தில் இரு இனத்தாரின் ஒற்றுமை பற்றி உரையாற்றினார். அதன்பின் பாரசீகத் தூதரகப் பொறுப்பாளர் அலி குலி கானின் இல்லத்தில் நகரத்துப் பிரமுகர்களுக்கு மதிய விருந்து. விருந்துக்கு முன் அப்துல் பஹாவைச் சந்திக்க ஒரு கறுப்பினச் சட்டத்தரணி வந்திருந்தார். பெயர் லூயிஸ் கிரெகறி. விருந்தினர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. எல்லோரும் மேசைக்குப் போனதும், அவர் சத்தமின்றி வெளியேறத் தயாரானார். அன்றைய ஒழுங்கு அதுதான். யாரும் அவரைப் போகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேசையில் அமர்ந்திருந்த அப்துல் பஹா எழுந்து, கிரெகறி எங்கே என்று கேட்டார். அவரை அழைத்துவரச் செய்தார். ஏற்கெனவே ஒழுங்கு செய்திருந்த இருக்கைகளை மாற்றி, மதிப்புக்குரிய இடமாகிய தமது வலப்பக்கத்தில் அவரை இருத்தினார். பின்பு வழமைபோல் விருந்து நடந்தது.

சகோதரிகளே, இதில் யாரும் யாரையும் கண்டிக்கவில்லை. ஒரு நாற்காலி இடம் மாறியது, அவ்வளவே. ஆனால் அந்த மேசையில் இருந்த ஒவ்வொருவரும் அன்று ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது: எழுந்து போவதா, இருந்து உண்பதா?

இந்தக் கிரெகறி யார்? 1874 இல் தென் கரோலினா மாநிலத்தின் சார்ள்ஸ்ரன் நகரில் பிறந்தவர். தாய் அடிமைத்தளையில் பிறந்தவர். பிஸ்க் பல்கலைக்கழகத்திலும் பின் ஹவார்டில் சட்டமும் கற்று, 1909 இல் பஹாய் சமயத்தைத் தழுவினார். சேர்ந்தபோது அவர் கண்டது முற்றிலும் ஒன்றுபட்ட சமூகத்தை அல்ல. வாஷிங்டன் பஹாய்களுள் வெள்ளையர் சிலர் கறுப்பினத்தவரோடு ஒரே கூட்டத்தில் இருக்கத் தயங்கினார்கள். தனித்தனிக் கூட்டங்களும் நடந்தன. கொள்கை ஏட்டில் இருந்தது. பழக்கம் பழைய இடத்திலேயே இருந்தது. கிரெகறி அதைச் சுட்டிக்காட்டினார். சுட்டிக்காட்டியபின் விலகிப் போகவுமில்லை.

1912 செப்டெம்பர் 27 இல் கிரெகறி, லூயிசா மத்தியூ என்ற ஆங்கிலேய வெள்ளைப் பெண்மணியை நியூயோர்க்கில் மணந்தார். இத்திருமணத்தை அப்துல் பஹா ஊக்குவித்தார். அக்காலத்தில் பல மாநிலங்களில் கலப்பு மணம் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டங்கள் செல்லாதவை என அமெரிக்க உயர்நீதிமன்றம் தீர்த்தது 1967 இல்தான். தென் மாநிலங்களில் ஊர் ஊராகச் சென்று பேசிவந்த கிரெகறி, தம் மனைவியை அங்கே உடன் அழைத்துச் செல்ல முடியவில்லை. மாதக்கணக்கில் பிரிந்திருந்து, கடிதங்களால் குடும்பம் நடத்தினார்கள். 1951 இல் கிரெகறி காலமாகும்வரை, ஏறத்தாழ 39 ஆண்டுகள், அந்த இல்வாழ்வு நிலைத்தது. இன நீதி என்பது அவர்களுக்கு மேடைப் பொருளல்ல; அதற்குரிய விலையைத் தங்கள் வீட்டிலிருந்தே அவர்கள் கொடுத்தார்கள்.

1919 இல் வாஷிங்டனில் கொடிய இனக்கலவரம் நடந்தது. அதன்பின் அப்துல் பஹா, இரு இனத்தாரும் கூடும் மாநாடொன்றை ஒழுங்கு செய்யுமாறு அக்னஸ் பார்சன்ஸ் என்ற செல்வந்த வெள்ளைப் பெண்மணியிடம் கேட்டுக்கொண்டார். இத்தகைய பொதுவேலையில் பழக்கமில்லாதவர் அவர். நகரத்தின் மேல்வட்டாரத்தைச் சேர்ந்தவர். அனுபவசாலி ஒருவரை விட்டு அவரிடம் ஏன் கேட்டார்? தடையாக நின்றது அந்த மேல்வட்டாரம்தான். கதவு உள்ளிருந்து திறக்கப்பட வேண்டியிருந்தது என்று நான் எண்ணுகிறேன். 1921 மே மாதம் மூன்று நாட்கள் அந்த மாநாடு நடந்தது. ரோட்ஸ் புலமைப்பரிசில் பெற்ற முதற் கறுப்பின அமெரிக்கரும் மெய்யியலாளருமான அலைன் லொக் அதில் பங்குகொண்டார். அவரும் பஹாய் சமயத்தவரே. அதைப் பின்பற்றி வேறு நகரங்களிலும் இத்தகைய மாநாடுகள் நடந்தன.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். விருந்தும் மாநாடும் நல்லவைதான். சட்டம் மாறாமல் யாருக்கு என்ன பயன்? பஹாய்கள் கட்சி அரசியலில் ஈடுபடுவதில்லை. ஆகவே இக்கேள்வி அவர்களை நோக்கி அடிக்கடி கேட்கப்படுவது. சட்டம் மாறத்தான் வேண்டும். அதற்காகப் போராடியவர்களின் தியாகத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆயினும் சட்டம் மாறிய பிறகும் மனிதர் ஒருவரையொருவர் தவிர்த்துக்கொண்டே வாழ முடியும் என்பதையும் நாம் காண்கிறோம். சட்டம் பாடசாலைக் கதவைத் திறக்கும். உள்ளே வந்த பிள்ளையின் அருகில் யார் போய் அமர்வது என்பதை எந்தச் சட்டமும் எழுத முடியாது.

அப்துல் பஹாவின் பின் சமயத்தை வழிநடத்திய ஷோகி எஃபெண்டி, 1938 டிசெம்பரில் அமெரிக்கப் பஹாய்களுக்கு நீண்ட கடிதமொன்று எழுதினார். இனப் பாகுபாட்டை அவர்கள் முன்னுள்ள தலையாய சோதனையாக அதில் குறிப்பிட்டார். இரு சாராருக்கும் வெவ்வேறு கடமை வைத்தார். வெள்ளையர், தம்மை அறியாமலே தமக்குள் இருக்கும் உயர்வு மனப்பான்மையையும் கருணை காட்டும் தோரணையையும் விட வேண்டும். கறுப்பினத்தவர், நேர்மையோடு நீட்டப்படும் கையைச் சந்தேகமின்றிப் பற்ற முன்வர வேண்டும்.

அக்கடிதத்தில் ஒரு நடைமுறை விதியும் உண்டு. பஹாய் தேர்தலில் வேட்பாளர் கிடையாது, பிரசாரம் கிடையாது; இரகசிய வாக்களிப்பு மட்டுமே. அதில் இருவருக்குச் சமமான வாக்குகள் கிடைத்து, அவர்களுள் ஒருவர் சிறுபான்மையைச் சேர்ந்தவராயின், தயக்கமின்றி அவருக்கே இடம் கொடுக்க வேண்டும் என்பதே அந்த விதி. பெரும்பான்மை, சிறுபான்மை என்ற சொற்களின் பாரத்தை அறிந்த இலங்கையராகிய நமக்கு, இச்சிறு விதியின் பெருமை விளங்காமற் போகாது.

இவற்றுக்கெல்லாம் ஆன்மீகத்தோடு என்ன தொடர்பு? நீதியைப் பற்றிப் பஹாவுல்லா தரும் விளக்கம் அழகானது. பிறர் கண்களால் பார்ப்பதை விடுத்துத் தன் சொந்தக் கண்களால் பார்க்கவும், பிறர் அறிவை இரவல் வாங்காமல் தன் அறிவால் அறியவும் நீதி மனிதனுக்கு உதவுகிறது என்கிறார். பாகுபாடு எப்போதும் இரவற் பார்வைதான். ஒரு சாதியாரைப் பற்றி, ஓர் இனத்தாரைப் பற்றி நாம் கொண்டிருக்கும் எண்ணங்களில் நாமே கண்டறிந்தவை எத்தனை? பாட்டி சொன்னது, அயலவர் சொன்னது, பேருந்தில் கேட்டது என்று கழித்துக்கொண்டே போனால் மிஞ்சுவது மிகச் சொற்பம்.

சொந்தக் கண்ணால் பார்ப்பதற்குப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சியே அவர்களின் அன்றாட ஒழுங்கு. நாள்தோறும் தொழுகை. ஒவ்வொரு நாளும் தன் செயல்களைத் தானே கணக்குப் பார்த்தல். ஆண்டில் 19 நாட்கள் சூரிய உதயம் முதல் மறைவு வரை நோன்பு. தொழிலைச் சேவை மனப்பான்மையோடு செய்தால் அதுவே வழிபாடு. புறங்கூறுதல் கடுமையாக விலக்கப்பட்டது. பத்தொன்பது நாட்களுக்கு ஒருமுறை ஊரிலுள்ளோர் யாவரும் கூடி, பிரார்த்தித்து, பொதுவிடயங்களைக் கலந்தாலோசித்து, சேர்ந்து உண்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளையும் படிப்பிக்க வசதியில்லாத பெற்றோர், முதலில் பெண்பிள்ளையைப் படிப்பிக்க வேண்டும் என்றும் போதிக்கப்படுகிறது. நாளைய தலைமுறையின் முதல் ஆசிரியை அவளல்லவா! இந்த மண்டபத்தில் அதற்கு மறுப்புச் சொல்வார் யாருமிரார்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். வாஷிங்டனில் அந்த மாநாடு நடந்த அதே பத்தாண்டில் பிறந்தது நமது சங்கம். அந்தப் பத்தாண்டின் இறுதியில் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் எழுந்த பெரிய வழக்கும் ஆசனத்தைப் பற்றியதுதான். ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள் நிலத்தில் இருந்தோ ஒதுக்குப்புறமாக இருந்தோ படித்த காலம் அது. "சம ஆசனம், சம போசனம்" என்ற கோரிக்கை எழுந்தது. அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் கொடுக்கப்பட வேண்டும் என்று பணிக்கப்பட்டபோது எதிர்ப்புக் கிளம்பியது, பாடசாலைகள் எரிக்கப்பட்டன. ஒரு வாங்கில் ஒரு பிள்ளை அமர்வதைத் தடுக்க, எல்லாப் பிள்ளைகளின் கூரையையும் எரிக்கத் துணிந்தவர்கள் நம்மவரே.

இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் வாழும் தோழிகள், வேலைத்தலத்தில் நிறத்தின் பெயரால் ஒதுக்கப்படுவது எப்படி இருக்கும் என்பதை அனுபவத்தால் அறிந்தவர்கள். அங்கே நாம் சமத்துவம் கேட்கிறோம். கேட்பது நம் உரிமை. அதே வாரம் பிள்ளைக்கு வரன் பேசும்போது, தொலைபேசியில் குரலைத் தாழ்த்தி, "அவை என்ன ஆக்கள்?" என்று கேட்கும் வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. கறுப்பின நண்பரைப் பிள்ளை வீட்டுக்கு அழைத்து வந்தால் நம் முகம் எப்படி மாறுகிறது என்பதை நம் பிள்ளைகள் நம்மைவிட நன்றாகக் கவனிக்கிறார்கள். பஹாய் திருமணத்தில் மணமக்கள் ஒருவரையொருவர் சுயமாகத் தெரிவு செய்கிறார்கள். அதன்பின் இரு பக்கப் பெற்றோரின் சம்மதமும் வேண்டும். பெற்றோரின் இடம் அங்கே மறுக்கப்படவில்லை. ஆனால் அந்தச் சம்மதத்தைக் கேட்டு ஒரு பிள்ளை வந்து நிற்கும்போது, நாம் எந்தக் கண்ணால் பார்க்கப் போகிறோம்?

பழைய மாணவிகளாகிய நாம் செய்யக்கூடிய சில சிறு காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன். நமது ஒன்றுகூடல்களில் ஒரே வட்டத்தினர் ஒரே மேசையில் அமரும் வழக்கத்தை மாற்றலாம். விடுதியின் நீண்ட வாங்குகளில் இடம் கண்ட இடத்தில் அமர்ந்து உண்டவர்கள்தானே நாம்! செயற்குழுத் தெரிவில், இதுவரை இடம் பெறாத மலையகத்துச் சகோதரிக்கும் முஸ்லிம் சகோதரிக்கும் முன்னுரிமை கொடுக்கலாம். வழங்கும் புலமைப்பரிசில்களில் ஒன்றையேனும், குடும்பத்திலிருந்து முதன்முதலாக உயர்கல்விக்குப் போகும் மாணவிக்கு ஒதுக்கலாம். இவற்றுக்கு நிதியிலும் அதிகமாக வேண்டப்படுவது மனம்.

இவற்றை அடுத்த செயற்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் சேர்க்குமாறு தலைவி அவர்களையும் செயலாளர் அவர்களையும் அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.